புதுக் கணினியை வாங்கலாமா?



பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஆண்டுதோறும் வைகாசி, ஆனி மாதங்களில் ஒரு கேள்வியை எழுப்புவதைக் கேட்டு வருகிறேன். "புதிதாக ஒரு மடிக்கணினி வெளிவந்திருக்கிறது, வேகமாக இயங்குகிறதாம், விலையும் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் அதில் குறை இருப்பதாகவும் செய்திகள் வருகின்றன. வாங்கலாமா, வேண்டாமா?" என்பதே அக்கேள்வி. இன்று அதைக் குறித்து உங்களோடு சிறிது நேரம் சிந்திக்க விரும்புகிறேன்.

பெருநகரத்துச் செல்வர் வீட்டில் இது சிறிய கேள்வியாக இருக்கலாம். கோவில்பட்டியிலும், அதைச் சுற்றியுள்ள கரிசல் காட்டுச் சிற்றூர்களிலும் இது சிறிய கேள்வி அன்று. தீப்பெட்டித் தொழிலில் வாரக்கூலி வாங்கும் வீட்டிலும், மானாவாரிப் பருத்தியையும் உளுந்தையும் நம்பி வாழும் வீட்டிலும், நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் ரூபாய் என்பது பல மாதச் சேமிப்பு. சில வீடுகளில் அது அம்மாவின் நகையை அடகு வைத்த பணம். வாங்கிய பொருள் பழுதாகி நின்றால், மாற்றாக எடுத்துக்கொள்ள இன்னொன்று அவ்வீட்டில் இராது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, நம் பகுதியில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி அவ்வழியாகவே வந்து சேர்ந்தது. அரசு கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளும்போது, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் இல்லை. சொந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கும்போது அப்பொறுப்பு முழுவதும் நம் தலைமேல் வந்துவிடுகிறது.

குறை உண்டு என்று கேட்டவுடனேயே சிலர் அஞ்சி ஒதுங்குகிறார்கள். வேறு சிலர், "ஊர் ஆயிரம் பேசும்" என்று சொல்லிவிட்டு வாங்கிவிடுகிறார்கள். இவ்விரு சாராரும் செய்வது ஒன்றுதான். யோசிக்க வேண்டிய இடத்தில் யோசனையை நிறுத்திவிடுகிறார்கள். குறை உண்டு என்னும் செய்தியைக் கேட்ட பிறகே விசாரணை தொடங்க வேண்டும். என்ன இனத்துக் குறை, யாரைத் தொடும் குறை, அதன் செலவை யார் ஏற்பார் என்ற மூன்றையும் கேட்ட பின்னரே விடை கிடைக்கும்.

இந்த விசாரணை நமக்குப் புதியதன்று. கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நூற்றாண்டைக் கடந்து பணியாற்றி வருகிறது. பருத்தி, சோளம் முதலிய பயிர்களில் கரிசல் மண்ணுக்கேற்ற புதிய இரகங்களை அது ஆராய்ந்து தந்திருக்கிறது. ஓர் இரகம் வெளியிடப்படுவதற்கு முன் நிலையத்துக்குள்ளேயே பல பருவங்கள் சோதிக்கப்படுகிறது. பின்னர் வேறு ஊர்களிலுள்ள நிலையங்களில் சோதிக்கப்படுகிறது. அதன் பின்னர் உழவர்களுடைய நிலங்களிலேயே விளைவித்துப் பார்க்கப்படுகிறது. இத்தனைக்குப் பிறகும் நம் சம்சாரி என்ன செய்கிறார்? புது விதையைத் தம் நிலம் முழுவதிலும் ஒரே பருவத்தில் விதைத்துவிடுவதில்லை. ஒரு மூலையில் அரை ஏக்கர் விதைத்துப் பார்ப்பார். அல்லது பக்கத்துப் புஞ்சையில் எப்படி விளைகிறது என்று ஒரு பருவம் பார்த்திருப்பார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா நாட்டிலிருந்து ஒரு வகைப் பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. கருங்கண்ணியைவிட நீண்ட இழையுடையது. கிணற்றுப் பாசனமுள்ள கோயம்புத்தூர்ப் பகுதியின் செம்மண்ணில் அது செழித்தது. மழையை மட்டும் நம்பிய திருநெல்வேலிக் கரிசலிலோ, கருங்கண்ணிப் பருத்தியே நெடுங்காலம் நிலைத்து நின்றது. கம்போடியாப் பருத்தி மட்டமானது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஒரு பொருளின் தகுதியை அது நிற்கும் இடமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதுதான் இதிலிருந்து நாம் அறியத்தக்கது.

மடிக்கணினிக்கு இத்தனை பருவச் சோதனை கிடையாது. வெளியிடும் நாள் வரையில் அதை மறைவாக வைத்துச் சோதிக்கிறார்கள். ஆண்டுதோறும் புதிய மாடல் வரவேண்டும் என்னும் அவசரமும் இருக்கிறது. ஆகவே, உண்மையான வயல் சோதனை வாங்கியவர்களுடைய வீடுகளில்தான் நடைபெறுகிறது. முதல் மாதம் வாங்குகிறவர் விலையும் கொடுத்து, சோதனையாளராகவும் இருக்கிறார். அரை ஏக்கர் விதைத்துப் பார்ப்பதுபோல் அரைக் கணினியை வாங்கிப் பார்க்கவும் முடியாது. பக்கத்துப் புஞ்சையைப் பார்ப்பது ஒன்றே நமக்கு உள்ள வழி. பிறர் எழுதும் அநுபவக் குறிப்புகள்தாம் நமக்குப் பக்கத்துப் புஞ்சை.

ஆனால், அக்குறிப்புகளைப் படிக்கத் தெரியவேண்டும். நம் ஊர்த் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். தீக்குச்சி எரியுமா என்று பார்க்க வேண்டுமானால் உரசித்தான் பார்க்க வேண்டும். உரசிய குச்சி போய்விடும். எல்லாக் குச்சிகளையும் சோதித்தால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்துச் சோதித்து, மற்றவற்றைக் குறித்து முடிவு செய்கிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் இந்த முறைதான். ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு என்பதால் அந்த ஒரு சோறு மற்றவற்றுக்குச் சாட்சி சொல்கிறது. கணினிக் குறைகளைப் பற்றிய குறிப்புகளோ இப்படி நாம் பொறுக்கி எடுத்த மாதிரிகள் அல்ல. துன்பப்பட்டவர் எழுதுகிறார், துன்பப்படாதவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்கிறார். நூறு பேர் குறை கூறினால், எத்தனை பேரில் நூறு பேர் என்பது நமக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் அக்குறிப்புகளால் பயனே இல்லையா? உண்டு. எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைவிட, என்ன எழுதினார்கள் என்பதைப் பாருங்கள். ஒருவரையொருவர் அறியாத பலர், வெவ்வேறு ஊர்களிலிருந்து, ஒரே மாடலில், ஒரே உறுப்பில், ஒரே விதமான குறையைச் சொன்னால் அது கவனிக்கத் தக்கது. ஒருவர் திரை என்கிறார், ஒருவர் ஒலி என்கிறார், ஒருவர் கடைக்காரரின் கடுமொழி என்கிறார் என்றால், அது எந்தப் பொருளுக்கும் உள்ள சில்லறைக் குறைகளின் கூட்டம்.

இனி, குறையின் இனத்துக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் புரோ என்னும் மடிக்கணினியின் புதிய மாடல்களை வெளியிட்டது. வெளிவந்த சில நாள்களிலேயே ஒரு குறை பேசப்பட்டது. மிகுந்த விலை கொடுத்து வாங்கிய அதிவேக நுண்செயலி, கடுமையான வேலையைக் கொடுத்தவுடன் சூடேறி, தன் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டது. உலகெங்கும் இது பெருஞ்செய்தியாயிற்று. அதே கணினியில் இன்னொரு குறையைப் பற்றியும் ஐயம் இருந்தது. 2015 முதல் அந்நிறுவனம் பட்டாம்பூச்சி அமைப்பு என்னும் மிக மெல்லிய விசைப்பலகையைப் பயன்படுத்தி வந்தது. விசைக்கு அடியில் சிறு தூசி புகுந்தாலும் எழுத்து விழாமற் போவதும், ஒரு முறை அழுத்தினால் இரு முறை விழுவதும் முந்தைய மாடல்களில் நேர்ந்திருந்தன.

பின்பு நடந்தது என்ன? வெப்பத்தைப் பற்றிய குறைக்கு அதே ஜூலை மாதத்திலேயே மென்பொருள் திருத்தம் வந்துவிட்டது. கணினியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. விசைப்பலகையின் கதை வேறு. நிறுவனம் அதை மீண்டும் மீண்டும் சீர்செய்து பார்த்தது. கணினியைச் செங்குத்தாக இல்லாமல் 75 டிகிரி சாய்வில் பிடித்து விசைகளின்மேல் காற்றை ஊதுமாறு வாங்கியவர்களுக்கு யோசனை சொன்னது. விலையின்றிப் பழுது பார்க்கும் திட்டத்தை 2018 ஜூனில் அறிவித்து, 2019 மே மாதத்தில் அத்திட்டத்தில் 2018-ஆம் ஆண்டு மாடல்களையும் சேர்த்தது. இறுதியில், 2019 நவம்பரில் வெளியிட்ட மாடலிலிருந்து அந்த அமைப்பைக் கைவிட்டுப் பழைய முறைக்கே திரும்பத் தொடங்கியது. அமெரிக்காவில் இது தொடர்பாக நடந்த வழக்கை முடித்துக்கொள்ள 2022-இல் 5 கோடி டாலர் தர உடன்பட்டது.

ஒரே கணினி, இரண்டு குறைகள். 2018 ஜூலையில் அதிக இரைச்சலோடு பேசப்பட்ட குறை அந்த மாதமே தீர்ந்தது. மற்றது அந்தக் கணினியின் ஆயுள் முழுவதும் அதனோடு இருந்தது. செய்தியின் ஓசையைக் கொண்டு குறையின் கனத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முன்னது மென்பொருட் குறை. கட்டளைகளைத் திருத்தினால் தீரும். பின்னது அமைப்புக் குறை. உறுப்பை மாற்றினாலும் அதே அமைப்புடைய உறுப்பே வந்து அமரும். எருவிட்டுத் தேற்றக்கூடிய பயிர் ஒன்று, விதையிலேயே பழுதுள்ள பயிர் ஒன்று என்று இவ்விரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இனம் தயாரிப்புக் குறை. அமைப்பு சரியாக இருக்கும். செய்யும்போது பிழை நேர்ந்திருக்கும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி தயாரித்த மின்கலங்களுள் ஏறத்தாழ 41 இலட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தயாரிப்பின்போது நுண்ணிய உலோகத் துகள்கள் மின்கலத்துக்குள் கலந்து, உட்புறத்தே மின்சாரம் குறுக்கே பாய்ந்து, தீப்பற்றக் கூடிய நிலை உண்டாயிற்று. இத்தகைய குறை எல்லாப் பொருளிலும் இராது. குறிப்பிட்ட வரிசை எண்களில் இருக்கும். அந்த எண்களை நிறுவனமே வெளியிட்டு மாற்றித் தரும். ஆனால் தீ, வெடிப்பு, மின்னதிர்ச்சி என்று உயிருக்கு ஊறு வரக்கூடிய செய்தி எதுவாயினும், அதன் உண்மை தெளிவாகும் வரையில் அப்பொருளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இங்கே சாதகபாதகங்களை எடைபோடுவதற்கு இடமில்லை.

அடுத்த கேள்வி, அந்தக் குறை நம்மைத் தொடுமா என்பது. 2011 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் புதிய நுண்செயலிகளை வெளியிட்டது. மாதம் முடிவதற்குள், அவற்றுக்குத் துணையான சில்லு ஒன்றில் குறை இருப்பதைத் தானே அறிவித்தது. வன்தட்டு முதலியவற்றை இணைக்க அதில் ஆறு வாயில்கள் இருந்தன. அவற்றுள் நான்கு, நாளடைவில் தளர்ந்துபோகக் கூடியவை. இரண்டுக்கு எந்தக் குறையும் இல்லை. பழுது நீக்குவதற்கும் மாற்றித் தருவதற்கும் 70 கோடி டாலர் செலவாகும் என்று நிறுவனம் மதிப்பிட்டது. செய்தியைத் தலைப்போடு நிறுத்திக்கொண்டவர்கள் அவ்வகைக் கணினி எல்லாமே பழுது என்று எண்ணினர். குறையற்ற இரு வாயில்களை மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினிகளுக்கோ அதனால் தீங்கே இல்லை. "குறை உண்டா?" என்று கேட்டவர் அஞ்சினார், "குறை எந்த வாயிலில்?" என்று கேட்டவர் தெளிந்தார்.

நம்மைத் தொடுமா என்று கேட்கும்போது நம் படிப்பையும் பாருங்கள். நம் ஊரையும் பாருங்கள். வணிகவியல் படிக்கும் மாணவிக்கு, முப்பரிமாண விளையாட்டில் கணினி தடுமாறுகிறது என்ற குறை பெரிதன்று. விசைப்பலகையில் ஓர் எழுத்து விழவில்லை என்பது பெரிது. குளிர்நாட்டிலோ, குளிரூட்டிய அறையிலோ அமர்ந்து கணினியைச் சோதிப்பவர் எழுதும் குறிப்பில் வெப்பமும் தூசியும் சிறிய இடத்தையே பெறும். பல நிறுவனங்கள் தம் மடிக்கணினிகளை இயக்குவதற்குச் சொல்லும் மேல்வரம்பு 35 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் நம் கரிசல் பூமி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, தகரக் கூரை வேய்ந்த வீட்டுக்குள் வெப்பம் எந்த அளவுக்கு ஏறும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் பறக்கும் புழுதியோ அடைத்த சன்னலுக்குள்ளும் புகுந்துவிடும். ஆகையால், "சூடேறுகிறது", "தூசி சேர்கிறது", "மின்கலம் விரைவில் தளர்கிறது" என்ற மூன்று குறைகளை யார் எழுதியிருந்தாலும், நாம் அவற்றுக்கு இருமடங்கு எடை கொடுக்க வேண்டும். கம்போடியாப் பருத்தியின் பாடம் இங்கே பயன்படுகிறது.

மூன்றாவது கேள்வி, செலவை யார் ஏற்பார் என்பது. 1994-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர், பென்டியம் நுண்செயலி சில வகுத்தல் கணக்குகளில் தவறான விடை தருவதைக் கண்டுபிடித்தார். உள்ளே இருக்க வேண்டிய ஓர் அட்டவணையில் சில எண்கள் விடுபட்டிருந்தன. 900 கோடி வகுத்தல்களில் ஏறத்தாழ ஒன்றே தவறும் என்று இன்டெல் நிறுவனம் கணக்குக் கூறியது; தேவையை நிரூபிப்பவர்களுக்கு மட்டுமே மாற்றித் தர முன்வந்தது. கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், "எனக்குத் தேவை உண்டா என்று நீ எப்படித் தீர்மானிக்கலாம்?" என்று மக்கள் கேட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி, கேட்பவர் அனைவருக்கும் மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. அதற்காக ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 இலட்சம் டாலர். குறையே இல்லாத நிறுவனம் உலகில் இல்லை. குறை வெளிப்பட்டபோது அந்த நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஒப்புக்கொண்டதா? திருத்தத்துக்கு நாள் குறித்ததா? மாற்றித் தருகிறதா? அல்லது, "நீங்கள் பிடிக்கும் விதம் தவறு" என்று வாங்கியவர்மீது பழியைப் போடுகிறதா?

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் நமக்குத் துணையாக இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையீடு செய்யலாம். கோவில்பட்டியில் இருப்பவர், விற்றவரின் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு ஆணையக் கட்டணமும் இல்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தொலைபேசியிலும் சொல்லலாம். ஆனால் இவை அனைத்துக்கும் வேர் ஒரு துண்டுக் காகிதம். பில் இல்லாமல் வாங்கிய பொருளுக்குச் சட்டம் துணைக்கு வருவது கடினம். சில நூறு ரூபாய் குறையும் என்பதற்காகப் பில்லை விட்டுக்கொடுக்காதீர்கள். சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியில் இருக்கிறதா, மதுரையில் இருக்கிறதா, சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமா என்பதையும் வாங்கும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். வாரண்டி ஓராண்டு என்றாலும், பொருள் அனுப்பி வர ஒரு மாதம் ஆனால், ஒரு தேர்வுக் காலம் போய்விடும்.

இவ்வளவும் கேட்ட பின், முடிவு என்ன என்று வினவுவீர்கள். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மென்பொருட் குறை மட்டுமே இருந்து, அதற்குத் திருத்தம் வந்து, வாங்கியவர்கள் "தீர்ந்தது" என்று எழுதியிருந்தால், அஞ்சாமல் வாங்கலாம். "திருத்தம் வரும்" என்னும் வாக்குறுதியை நம்பி வாங்க வேண்டாம். நாளை பெய்யும் மழைக்கு இன்று வரப்பு வெட்டலாம், அறுவடைக்கு விலை பேசலாகாது. தயாரிப்புக் குறை என்றால், பழுதான வரிசை எண்கள் வெளியாகும் வரையில் பொறுங்கள். அமைப்புக் குறை என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த மாடலை விட்டுவிடுங்கள். எந்தக் குறையும் பேசப்படாத புத்தம் புது மாடலாக இருந்தாலும், ஒரே ஒரு கணினி வாங்கவே வசதியுள்ள வீடு மூன்று மாதமாவது காத்திருப்பது நல்லது. முதல் பருவ விளைச்சலைச் சோதிக்கும் உரிமையை, இழந்தாலும் தாங்கக் கூடியவர்களுக்கு விட்டுவிடுவோம்.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நான் மறக்கவில்லை. கல்லூரி தொடங்கிவிட்டது, பாடமே கணினியில் இருக்கிறது என்றால், குறையற்ற கணினிக்காக ஒரு பருவப் படிப்பை இழப்பது விவேகம் ஆகாது. அத்தகையவர்க்கு இன்னொரு வழி இருக்கிறது. சென்ற ஆண்டு மாடல் கடைகளில் விலை குறைந்து கிடைக்கும். அதன் குறைகள் எல்லாம் ஊரறிந்தவை. தீர்ந்தவை எவை, தீராதவை எவை என்பதும் தெரிந்தவை. தெரிந்த சிறு குறையோடு நாம் வாழ்ந்துகொள்ளலாம். தெரியாத குறைதான் நம்மைத் தேர்வுக்கு முதல்நாள் இரவில் வந்து பார்க்கும்.

மாணவச் செல்வங்களே, ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், கேள்விப்பட்ட குறை ஒவ்வொன்றையும் அதன் இனத்தோடு எழுதுங்கள். மறு பக்கம், அது உங்கள் படிப்பையும் வீட்டையும் எவ்வாறு தொடும் என்று எழுதுங்கள். பிறகு அதை உங்கள் பெற்றோர்க்குப் படித்துக் காட்டுங்கள். பணம் அவர்களுடையது, அதற்கான காரணத்தைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வாங்கிய பிறகு நீங்களும் ஒரு கடமையை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் குறை கண்டால் மிகைப்படுத்தாமல், மாடலையும் நாளையும் குறிப்பிட்டு எழுதி வையுங்கள். குறை இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். வெயிலும் புழுதியும் நிறைந்த கரிசல் ஊரில் அந்தக் கணினி எப்படி உழைத்தது என்று நீங்கள் எழுதும் நான்கு வரி, அடுத்த ஆண்டு விளாத்திகுளத்திலோ எட்டயபுரத்திலோ கடன் வாங்கிக் கணினி வாங்கப்போகும் ஒரு வீட்டுக்குப் பக்கத்துப் புஞ்சையாக அமையும்.